கள்ளுப் பானையும் காந்தி தொப்பியும்: பீடோங்கில் ஆறு நாள்

முதல் நாள், சனி

விடிவதற்கு முன்பே கிள்ளானில் கிளம்பி, கொம்யூட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து இடிஎஸ் விரைவு ரயில். சுங்கை பட்டாணியில் இறங்கியபோது நண்பகல் தாண்டிவிட்டது. அம்மாவுக்குச் சன்னலோர இருக்கை கிடைத்தது. தஞ்சோங் மாலிம் தாண்டியதிலிருந்து ஒரே பாட்டு: "இதெல்லாம் கித்தாவா இருந்துச்சுடா." கித்தா என்றால் ரப்பர். இப்போது கண்ணுக்கெட்டிய வரை செம்பனை. அம்மாவுக்குச் செம்பனை மேல் ஏனோ ஒரு கோபம். அது நிழல் தராதாம்.

பயணத்தின் காரணம் பெரியம்மா. எண்பத்தாறு வயது. "கண்ணு தெரியும்போதே வந்து பாத்துட்டுப் போ" என்று போன மாதம் போனில் சொன்னார். அம்மாவும் பெரியம்மாவும் பிறந்து வளர்ந்தது மலேசியாவின் வடக்கே, கெடா மாநிலத்தில், பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அம்மா கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்துவிட்டார். பெரியம்மா பத்து மைல் தாண்டவில்லை.

எனக்குச் சொந்தமாகவும் ஒரு காரணம் உண்டு. அப்பா வழித் தாத்தா கிள்ளான் வட்டாரத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். 1941 வேலைநிறுத்தத்தில் இருந்தார் என்பது வரைதான் எங்கள் வீட்டுக்குத் தெரியும். அதைப் பற்றி வாசிக்கத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகிறது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் வைத்த கோரிக்கைகளை முதல் தடவை பார்த்தபோது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் சம்பளம் எங்களுக்கும் வேண்டும், சரி. கள்ளுக்கடையை மூடு. பெண்களிடம் வாலாட்டுவதை நிறுத்து. கை நீட்டும் வெள்ளைக்காரத் துரையையும் கணக்கு எழுதும் கிராணியையும் மாற்று. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி மருந்து, உறவுக்காரர்கள் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். இவற்றுக்கு நடுவில் ஒன்று: துரையோ கிராணியோ எதிரில் வந்தாலும் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்காமல் போகலாம் என்று ஆக்கவேண்டும்.

சம்பளத்துக்குச் சமமாகச் சைக்கிளுக்கும் ஒரு இடம். யாரோ ஒருவர் கூட்டத்தில் எழுந்து, "அதையும் எழுதுங்க சார்" என்று சொல்லியிருக்கவேண்டும். அது யார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

அந்த ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் ஆர். எச். நாதனைக் கைது செய்தார்கள். தமிழ் நேசன் பத்திரிகையில் வேலை பார்த்தவர், சங்கத்தின் தலைவர்களில் ஒருவர். அவரை விடச் சொல்லித் தோட்டம் தோட்டமாக வேலை நின்றது. ஏறத்தாழ 20,000 பேர். காந்தி தொப்பி, காங்கிரஸ் கொடி. சிலாங்கூரில் அவசரகாலம் அறிவித்து, இந்தியச் சிப்பாய்களையே கொண்டுவந்து எதிரில் நிறுத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் குறைந்தது ஐந்து பேர் செத்தார்கள். நாதனைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அடுத்த ஏழு மாதத்தில், டிசம்பரில், ஜப்பான் படை கோத்தா பாருவில் இறங்கியது. துரைமார்கள் சிங்கப்பூர் பக்கம் ஓடினார்கள். ஜப்பான்காரன் தீபகற்பம் முழுக்க இறங்கி வந்ததோ சைக்கிளில்.

இதை ரயிலில் அம்மாவிடம் சொன்னேன். சிரித்தார். "எங்க அப்பாகூட துரை பங்களாகிட்ட சைக்கிள விட்டு இறங்கித்தான் போவாரு. அது மேடுடா. மிதிக்க முடியாது."

அண்ணன் தன் புரோட்டோன் சாகா காரோடு நிலையத்தில் காத்திருந்தார். பெரியம்மா மகன். எனக்குப் பத்து வயது மூத்தவர். "பசியாறிட்டீங்களா?" என்றார். பசியாறல் என்பது காலைச் சாப்பாடு, மணியோ ஒன்று. அவருக்கு எப்போதும் பசியாறல்தான்.

இரண்டாம் நாள், ஞாயிறு

பெரியம்மா வீடு பீடோங் தாமானில் ஒரு மலிவு விலைத் தொடர் வீடு. தோட்டம் கைமாறியபோது லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டை, காலி செய்துவிட்டு இங்கே வந்தார்கள். வாசலில் ஒரு செம்பருத்தி, கறிவேப்பிலை, துருப்பிடித்த வாளி ஒன்றில் துளசி. பால் வாளி அது. வீட்டின் பின்பக்கம் நின்றால் ஜெராய் மலை தெரிகிறது. மழைக்காலத்தில் தலையில் மேகத்தைச் சுற்றிக்கொண்டு நிற்கும் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அப்படியேதான் நின்றது.

என் மனதில் ஒரு சித்திரம் இருந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன், வெட்கமாக இருந்தாலும். போர் முடிந்த கையோடு கெடா தோட்டங்களில் தொண்டர் படை என்று ஒன்று எழுந்தது. அதன் பிறப்பிடம் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஹார்வர்ட் தோட்டம். தலைவர் ஏ. எம். சாமி, லாரி ஓட்டியவர். கள்ளுக்கடைகளுக்கு எதிரே மறியல் செய்தார்கள். இதை வாசித்ததும் நான் கற்பனை செய்துகொண்டது: வெள்ளை வேட்டி, கைகூப்பிய பெண்கள், பின்னணியில் ராட்டை. பெரியம்மாவிடம் அதை உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் வந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

"தொண்டர் படையா?" என்றார். "காக்கிச் சட்டை. கையில கம்பு. சாயந்தரமானா பெரட்டுக் களத்துல லெப்ட் ரைட்."

பெரட்டுக் களம் என்பது விடியற்காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் இடம். பெரியம்மா அப்போது எட்டு வயதுப் பிள்ளை. "சாமி வராரு, சாமி வராருன்னு சொன்னாங்க. நான் கோயில் சாமின்னு நெனச்சு விபூதி வச்சுக்கிட்டுப் போயி நின்னேன். லாரிலேர்ந்து ஒரு ஆளு இறங்குறாரு."

லெப்ட் ரைட் எங்கிருந்து வந்தது என்பதில் அதிசயம் இல்லை. 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்த பிறகு தோட்டத்து ஆண்களும் பெண்களும் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். போர் முடிந்து திரும்பியவர்களுக்குப் பால் கத்தி பிடிக்க மனம் வரவில்லை. கற்ற வித்தை கையில் இருந்தது. ஜப்பான்காரன் பாதை போட இழுத்துக்கொண்டு போன சயாம் ரயில் பாதைக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பவே இல்லை என்று பெரியம்மா சொல்கிறார். அவர் லயத்துக் கணக்கு அது. திரும்பிவந்த சனங்கள் பழையபடி துரையைப் பார்த்துத் தலைகுனிய முடியாமல் தவித்திருக்கிறார்கள். ஓடிப்போன துரை திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தால் யாருக்குத்தான் குனிய வரும்?

கள்ளு விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்துக் கள்ளுக்கடையை நடத்தியது வெளியாள் இல்லை. பல இடங்களில் நிர்வாகமேதான். சம்பள மேசையில் எண்ணிக் கொடுத்த காசு, நூறு கெஜம் நடந்து கள்ளுக்கடை மேசைக்குத் திரும்பி வரும். பெரியம்மாவின் அம்மா, அதாவது என் பாட்டி, சம்பள நாளில் தாத்தாவுக்குப் பின்னாலேயே வரிசையில் நிற்பாராம். கிராணி காசைக் கொடுத்ததும் பறித்துக்கொள்ள. சில மாதம் ஜெயிப்பார். சில மாதம் தாத்தா இன்னொரு வழியாக நழுவிவிடுவார்.

"அந்த வாசன இருக்கே," என்று பெரியம்மா மூக்கைச் சுருக்கினார். "புளிச்ச வாசன. அப்பா வந்து பக்கத்துல படுத்தா அதுதான். எனக்கு அது பிடிக்கும்டா. அப்பா வாசனன்னு நெனச்சுக்குவேன்."

பாட்டி கள்ளுக்கடை முன்னால் போய் உட்கார்ந்தார். ஒரு நாள் இல்லை, பல நாள். ஏழெட்டுப் பெண்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. பேச்சில்லை, கோஷமில்லை, உள்ளே போகிற ஆளை முகத்துக்கு நேரே பார்ப்பதுதான். பெரியம்மாவை மடியில் வைத்திருந்தாராம். தாத்தா வந்தார், பார்த்தார், திரும்பிப் போனார். அடுத்த நாள் பின்வாசல் வழியாகப் போனார்.

அப்புறம் நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. தொண்டர் படைப் பையன்கள் நாலு பேர் தாத்தாவைப் பிடித்தார்கள். காலிக் கள்ளுப் பானையைத் தலையில் ஏற்றி, லயம் லயமாக நடக்கவிட்டார்கள். பிள்ளைகள் பின்னால் ஓடின. அதில் பெரியம்மாவும் ஒருத்தி. எல்லாரும் சிரித்ததால் அவரும் சிரித்திருக்கிறார்.

"அடிச்சாங்களா பெரியம்மா?"

"அடிக்கல. அடிச்சிருக்கலாம்."

பாட்டி அன்று ராத்திரி சோறு போட்டார். தாத்தா சாப்பிட்டார். அதற்குப் பிறகு கள்ளு குடிக்கவில்லை. பாட்டியுடன் ஒரு மாதம் பேசவும் இல்லை.

மூன்றாம் நாள், திங்கள்

நேற்று எழுதியதை அம்மா என் போனில் படித்துவிட்டார். காலையிலிருந்து முகம் சரியில்லை. "எங்கப்பா குடிகாரன்னு ஊருக்கே சொல்லிட்ட." அம்மா பிறந்தது 1949-இல். அவருக்குத் தெரிந்த தாத்தா வேறு ஆள். கோயில் தர்மகர்த்தா, காலையில் திருநீறு, மாலையில் பேப்பர். ஆகவே ஒரு திருத்தம்: என் தாத்தா 1947-க்குப் பிறகு சாகும் வரை ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. அம்மா கேட்டுக்கொண்டபடி இங்கே பதிகிறேன். அது உண்மையும்கூட.

அண்ணன் வண்டியில் ஹார்வர்ட் பக்கம் போனோம். அந்தப் பெயரில் இப்போது ஒரு கோல்ப் திடல் இருக்கிறது. வாசல் நல்ல அகலம். காவலாளி நேப்பாளி, என்ன வேண்டும் என்று மலாயில் கேட்டார். "கள்ளுக்கடை இருந்த இடம்" என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "சும்மா பார்க்க வந்தோம்" என்றேன். புல்லை ஒரே அளவில் வெட்டியிருந்தார்கள். தூரத்தில் ஒருவர் சின்ன வண்டியில் போய்க்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். 1947 பிப்ரவரி கடைசியில் பீடோங்கில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது போலீஸ் வந்தது. கைகலப்பாயிற்று. ஹார்வர்ட் தோட்டத் தொழிலாளி ஒருவர் அடிபட்டுச் செத்தார். பலர் சிறைக்குப் போனார்கள். மார்ச் தொடக்கத்தில் கூலிம் பக்கத்து டப்ளின் தோட்டத்தில் கூடிய கூட்டத்தின் மேல் போலீஸ் சுட்டது. அங்கே இன்னொரு தொழிலாளி. பிறகு தொண்டர் படை கலைந்தது, கலைக்கப்பட்டது. பெரியம்மா சொன்னது ஒரே வரி: "சாமிய அதுக்கப்புறம் நாங்க பாக்கல."

கம்பு பிடித்து அணிவகுத்தவர்களை அகிம்சைக் கணக்கில் சேர்க்கலாமா என்று நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். அன்றைய அரசாங்கத்தின் பார்வையில் அவர்கள் மிரட்டல் கும்பல். நம் பக்கத்துக் கட்டுரைகளில் அவர்கள் தியாகிகள். தாத்தா தலையில் பானை ஏற்றியது வன்முறை இல்லையென்றால் வேறென்ன? ஆனால் அந்தக் கம்பு துரை மேல் பட்டதாகவோ கள்ளுக்கடைக்காரன் மேல் பட்டதாகவோ பெரியம்மாவுக்கு நினைவில்லை. செத்தவர்கள் இரண்டு பேருமே தொழிலாளர்கள். துரை பக்கம் ஒரு கீறல் இல்லை. அவமானம் மட்டும் எங்கள் தாத்தா பங்குக்கு வந்தது. கடைசி வரிசைக்காரன் தலையில்தான் பானை ஏறும் போலிருக்கிறது, எந்தப் படையாக இருந்தாலும்.

சரி, பாட்டி செய்ததை என்னவென்று சொல்வது? அவர் காந்தியைப் பற்றி ஏதாவது பேசினாரா என்று பெரியம்மாவிடம் கேட்டேன். வீட்டில் காந்தி படம் இருந்தது, முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவில். "தாடி இல்லாத சாமின்னு அம்மா சொல்லும்." அவ்வளவுதான். சம்பள மேசையில் காசைப் பறிக்க வரிசையில் நின்று பழகியவர், அதே பொறுமையோடு கடை வாசலில் உட்கார்ந்தார். 1921-இல் ஈரோட்டில் பெரியாரின் மனைவி நாகம்மையும் சகோதரி கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியல் செய்ததைப் பாட்டி கேள்விப்பட்டிருக்கலாம், படாமலும் இருக்கலாம். குடிகாரனின் பெண்டாட்டிக்கு அதை ஈரோட்டிலிருந்து வந்து சொல்லித்தரவேண்டிய அவசியம் இல்லை.

பீடோங் டவுனில் பழைய கடைவரிசை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஒரு சீனர் கொப்பித்தியாமில் தேத்தண்ணி குடித்தோம். கல்லாவில் இருந்த பெரியவரிடம் அண்ணன் மலாயும் ஹொக்கியனும் கலந்து ஏதோ கேட்டார். அவர் சாலையின் குறுக்கே கையைக் காட்டினார். கைப்பேசி கடை ஒன்று, பக்கத்தில் முடிதிருத்தகம். "அந்தப் பக்கம்தானாம் அரசாங்கக் கள்ளுக்கடை, அவரு சின்னப் பையனா இருந்தப்ப," என்றார் அண்ணன். மறியல் நடந்த கடை அதுதானா? கேட்க யாரும் இல்லை. போய் நின்றேன். முடிதிருத்தகத்தில் வேலை செய்த பையன் தமிழில், "உள்ள வாங்கண்ணே, கூட்டம் இல்ல," என்றான். முடி வெட்டிக்கொண்டேன். பன்னிரண்டு வெள்ளி.

நான்காம் நாள், செவ்வாய்

மழை. எங்கும் போகவில்லை.

பெரியம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டே பேசினார், நான் கூட உட்கார்ந்து உரித்தேன். மேட்டு லயம், பள்ளத்து லயம் என்று இரண்டு வரிசை இருந்ததாம். கங்காணி ஆட்கள் சேர்த்தபோதே ஊர்ச் சாதியையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். தாத்தா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறி 1937-இல் வந்தவர். அடுத்த வருஷமே இந்திய அரசாங்கம் கூலிகளை அனுப்புவதை நிறுத்திவிட்டது. பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவில், நோய் பரவாமல் இருக்க அடைத்துவைத்து மருந்துத் தண்ணீரில் குளிக்கவைத்தபோது எல்லாரையும் ஒரே தொட்டியில்தான் இறக்கினார்களாம். தோட்டத்துக்கு வந்ததும் லயம் பிரிந்தது.

"கள்ளுக்கடைல எல்லாரும் ஒண்ணாத்தான் உக்காருவாங்க. குவளைதான் வேற வேற."

"தொண்டர் படைல?"

"வரிசைல நிக்கறப்ப ஒண்ணும் பாக்கல. பக்கத்து லயத்துப் பையன் அப்பாவுக்கு ஆர்டர் போடுவான், அப்பா நிக்கணும். அதுதான் அப்பாவுக்குப் பொறுக்கல." கொஞ்சம் நிறுத்தி, "பானை தூக்கவிட்டதும் அவனுங்கதான்," என்றார்.

மேட்டு லயத்து ஆளின் தலையில் பள்ளத்து லயத்துப் பையன்கள் பானை ஏற்றியிருக்கிறார்கள். நேற்றைக்கு நான் எழுதிய கடைசி வரிசைக்காரன் என்ற பேச்சைத் திரும்பப் பெறுகிறேன். எங்கள் தாத்தா கடைசி வரிசை இல்லை. பேச்சு வார்த்தை நின்ற அந்த ஒரு மாதம் கள்ளுக்காகவா, இதற்காகவா?

பெரியார் 1929 கடைசியில் பினாங்கில் இறங்கியது முதல் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் இதைப் பற்றிப் பேச்சு ஓடியிருக்கிறது. பேச்சு ஓடியது, குவளை இருந்தது. அம்மா உள்ளேயிருந்து, "இதையும் எழுதாத," என்றார். எழுதிவிட்டேன் அம்மா.

ஐந்தாம் நாள், புதன்

மழை விட்டது. அண்ணன் எங்களைப் பூஜாங் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போனார். மெர்போக்கில் அருங்காட்சியகம், பக்கத்தில் மேலே ஏறினால் கல் கோயிலின் அடித்தளம். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு குழு படமெடுத்துக்கொண்டிருந்தது. ஒருவர் கடாரம் கொண்டான் என்று சத்தமாகச் சொல்ல மற்றவர்கள் கைதட்டினார்கள். ராஜேந்திர சோழன் 1025-இல் இந்தப் பக்கம் படையனுப்பியது பெருமைதான், யார் மறுத்தது. அண்ணன் என் காதில், "கொண்டான் சரி, தொள்ளாயிரம் வருஷம் கழிச்சு கொண்டுவரப்பட்டது நம்ம ஆளுங்க," என்றார். இதை அவர் எல்லா விருந்தாளியிடமும் சொல்வார் என்று அண்ணி பிறகு சொன்னார்.

மத்தியானம் சுங்கை பட்டாணி. மணிக்கூண்டு நடுச் சடக்கில் நிற்கிறது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவுக்காக 1936-இல் எழுப்பியது. இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது. பீடோங்கில் செத்த தொழிலாளிக்கு இந்த ஊரில் ஏதாவது கல் இருக்கிறதா என்று மூன்று பேரிடம் விசாரித்தேன். ஒருவர் கோயிலைக் காட்டினார், ஒருவர் கட்சி அலுவலகத்தைக் காட்டினார், மூன்றாமவர் "எந்த ஆள்?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் காந்தி படத்தைப் பற்றிக் கேட்டேன், பாட்டி வீட்டுப் படம். கூடத்தில் மாட்டியிருந்தது அதுதானாம். நான்கு நாளாகப் பார்க்கிறேன், கண்ணாடி இல்லாததைக் கவனிக்கவில்லை.

அது அண்ணன் வேலை. 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில், மலேசிய இந்தியர்களின் உரிமை கேட்டு எழுந்த ஹிண்ட்ராப் இயக்கத்தின் பேரணி. முந்தின நாள் ராத்திரியே இங்கிருந்து நண்பர்களோடு போயிருக்கிறார். போகிறவன் கையில் காந்தி படம் இருந்தால் நல்லது என்று யாரோ சொல்ல, சுவரிலிருந்து சட்டத்தோடு கழற்றிக்கொண்டு போனார். அன்றைக்கு நிறையப் பேர் காந்தி படம் ஏந்தியிருந்தார்கள், செய்திப் படங்களில் பார்க்கலாம். ஆனால் அவையெல்லாம் அச்சடித்த தாள். கண்ணாடிச் சட்டம் போட்ட படம் அண்ணனுடையது மட்டும்தான் இருந்திருக்கும். தண்ணீர் பாய்ச்சி, கண்ணீர்ப்புகை வந்தபோது ஓடினார். ஓடும்போது விழுந்தார். கண்ணாடி உடைந்து உள்ளங்கையில் கிழித்தது. தழும்பைக் காட்டினார்.

"பெரியம்மா ஒண்ணும் சொல்லலயா?"

"ஏன்டா படத்த ஒடச்சன்னு ரெண்டு நாள் சோறு போடல."

பெரியம்மா உள்ளேயிருந்து, "ஒரு நாள்தான்," என்றார்.

அண்ணன் அந்தப் பேரணியால் என்ன கிடைத்தது என்று கணக்குப் பார்ப்பவர் இல்லை. அவர் ஒரு உர ஆலையில் பாதுகாவலராக இருந்து ஓய்வு பெற்றவர். "அன்னிக்கு ஒரு நாள் யாருக்கும் சலாம் போடல," என்றார், பிறகு கார் சாவியைத் தேடப் போய்விட்டார்.

ராத்திரி சாப்பாட்டில் தாத்தாவின் சைக்கிள் பேச்சு வந்தது. குடியை விட்ட காசில் வாங்கியதாம், பழைய சைக்கிள், 1950 வாக்கில். பிற்காலத்தில் அதே மிச்சக் காசில் மாதம் பத்து வெள்ளி கட்டி, அமைச்சராக இருந்த சம்பந்தன் 1960-இல் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம். தொழிலாளிகளே காசு சேர்த்துத் தோட்டம் வாங்குவது என்றதும் தாத்தாவுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. சங்கம் இதே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியதும்தான் நம்பினார். பங்குப் பத்திரம் இன்னும் பெரியம்மாவின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது.

சைக்கிளில் முன்னால் யார் உட்காருவது என்று அம்மாவும் பெரியம்மாவும் எழுபது வருஷத்துச் சண்டையைத் திரும்ப ஆரம்பித்தார்கள். பெரியம்மா அப்போது வயதுக்கு வந்த பெண், சைக்கிளில் ஏறவே விட்டிருக்க மாட்டார்கள் என்பது அம்மாவின் வாதம். நான் படுக்கப் போய்விட்டேன்.

ஆறாம் நாள், வியாழன்

மாலை ரயில். காலையில் பெரியம்மா தானாகவே கேட்டார், தோட்டத்தை ஒரு தடவை பார்த்துவிடலாமா என்று. அவர் அங்கே போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். அண்ணன் முன்னிருக்கையில் தலையணை போட்டு உட்காரவைத்தார். தோட்டத்தின் பெயரை எழுதவேண்டாம் என்பது அம்மாவின் நிபந்தனை.

லயம் ஒன்றும் இல்லை. வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகை இருந்த இடத்தில் ஒரு சிமெண்டுத் தரை, அதன் மேல் யாரோ செம்பனைக் குலைத் தண்டுகளைக் குவித்திருந்தார்கள். கோயில் மட்டும் இருக்கிறது, புது வர்ணத்தோடு. வெளியூரில் குடியேறியவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை வந்து திருவிழா நடத்துகிறார்கள். பெரியம்மா இறங்கவில்லை. கார் கண்ணாடியை இறக்கி, உள்ளே இருந்தபடியே கும்பிட்டார். பெரட்டுக் களம் எங்கே என்று கேட்டேன். "இதான்," என்று காட்டியது கார் நின்றிருந்த இடம்.

வேலைக்காரர்கள் இரண்டு பேர் குலை வெட்டிக்கொண்டிருந்தார்கள், வங்காளதேசத்துப் பையன்கள். நீண்ட அரிவாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள். அண்ணன் கையை உயர்த்தினார். அவர்களும் உயர்த்தினார்கள்.

திரும்பும்போது, "துரை பங்களா வழியா போ," என்றார் அம்மா. பங்களா இல்லை. இரண்டு கல் தூண் மட்டும் நிற்கிறது, நடுவே இரும்புக் கதவு இருந்த கீல் தெரிகிறது. பக்கத்தில் பெரிய மழைமரம் ஒன்று. அதை அம்மா உடனே அடையாளம் கண்டுகொண்டார். "இந்த மரம்தான். இங்கதான் அப்பா இறங்குவாரு. என்னையும் இறக்கி விடுவாரு. அந்தத் தூண் தாண்டற வரைக்கும் சைக்கிளத் தள்ளிக்கிட்டே நடப்போம். அப்புறம் ஏறிக்குவோம்."

"எப்ப வரைக்கும்மா?"

"சாகற வரைக்கும்தான். துரையெல்லாம் போயி, தமிழ் மேனேஜர் வந்து, அவரும் டவுன்ல குடியிருந்தப்பகூட இறங்குவாரு. பங்களா பூட்டிக் கெடக்கும்."

அண்ணன் வண்டியை ஓரம்கட்டினார். அம்மா இறங்கினார். நானும் இறங்கினேன். மழையில் கழுவப்பட்ட தார்ச் சடக்கு, மழைமரத்தடியிலிருந்து தூண்களைத் தாண்டி, கோயில் கோபுரம் தெரிகிற வரைக்கும் நேராகக் கிடந்தது. அம்மா முன்னால் பார்த்தார். திரும்பிப் பின்னால் பார்த்தார். செருப்புக் காலால் தரையை ஒரு தடவை தேய்த்தார்.

"மேடு எங்கடா போச்சு?"

பெரியம்மா காருக்குள்ளிருந்து, "ஏது மேடு இங்க?" என்றார்.